பால் மரமும் பிள்ளைகளின் மரயானையும்



பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் கெலுகோர் என்றோர் ஊர் இருக்கிறது. உங்களில் பலர் அதன் வழியாகப் போயிருப்பீர்கள். 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம், பிறையிலிருந்து கடலைத் தாண்டி வந்து தீவில் கால் ஊன்றுகிற இடம் அதுதான். ஒரு காலத்தில் அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்தன. டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே பெரிய தோட்டம் வைத்திருந்தார். இப்போது அறிவியல் பல்கலைக்கழகமும் வீடமைப்புப் பகுதிகளும் அந்த மண்ணில் நிற்கின்றன. கெலுகோர்க் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் எதிர்க்கரையில் பிறை தெரியும். தொழிற்சாலைகளும் புகைபோக்கிகளும் தெரியும்.

அந்தப் பிறையில் 1967-ஆம் ஆண்டு மலாயவாத்தா இரும்பாலை இயங்கத் தொடங்கியது. இரும்பை உருக்க மற்ற நாடுகளில் நிலக்கரியிலிருந்து எடுத்த கோக் கரியைப் போடுவார்கள். இங்கே போட்டது என்ன தெரியுமா? ரப்பர் மரத்தைச் சுட்டு எடுத்த அடுப்புக்கரி! வயதாகிப் பால் வற்றிய மரங்களை வெட்டி, கரியாக்கி, லாரி லாரியாகக் கொண்டுவந்து உலையில் கொட்டினார்கள். நம் தாய்மார்கள் விடியுமுன்னே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாய் வெட்டிய மரங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடங்களில் அந்த உலையும் ஒன்று. பிற்காலத்தில் அந்த முறை கைவிடப்பட்டது.

இன்று பெரிய கடைகளில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் இருக்கிற பக்கம் போய்ப் பாருங்கள். சக்கரம் வைத்த மரயானை, மரத்தாலான ரயில் வண்டி, துண்டு துண்டாய்ப் பிரித்துச் சேர்க்கிற மிருகப் பலகை என்று பலவும் அடுக்கி வைத்திருப்பார்கள். விலையும் கொஞ்ச நஞ்சமல்ல. அவற்றில் எத்தனையோ, அதே ரப்பர் மரத்தில் செய்தவை. உலைக்குப் போன மரம் தொட்டில் பிள்ளையின் கைக்கு எப்படி வந்தது என்ற வரலாற்றையும், அதைச் செய்யப் பயன்படும் ஒரு சின்ன ரம்பத்தின் வரலாற்றையும் இன்று பார்ப்போம்.

பொம்மை என்றதும் அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய சங்க நூல்களிலேயே தச்சர் செய்த விளையாட்டு வண்டி வருகிறது. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டு தும்பிசேர் கீரனார் என்ற புலவர் பாடியது. தச்சன் செய்து கொடுத்த சின்னக் குதிரை வண்டியில் பிள்ளைகள் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்து மகிழ்வார்கள் என்று அவர் சொல்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம்முடைய பெரும்பாணாற்றுப்படையில் பிள்ளைகள் உருட்டி விளையாடும் சிறு தேரைக் காட்டுகிறார். அவரே பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறு தேரைக் காட்டுகிறார். மூன்று சக்கரம் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் நடை பழகும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தான். மூன்று சக்கரம் இருந்தால் மேடு பள்ளமான தரையிலும் வண்டி ஆடாமல் நிற்கும். ஈராயிரம் ஆண்டுகளாகத் தச்சர் மறக்காத கணக்கு அது. ஆண் பிள்ளையைப் பாடும் பிள்ளைத்தமிழ் நூல்களில் கடைசிப் பருவத்துக்கே சிறுதேர்ப் பருவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் முன்னோர் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது ஊரிலிருந்து இவையெல்லாம் வரவில்லை. தகரப் பெட்டியில் இரண்டு துணியும் ஒரு சாமி படமும் வந்தால் பெரிது. தோட்டத்துப் பிள்ளைகள் ரப்பர் கொட்டையை வைத்து விளையாடினார்கள், பழைய சைக்கிள் டயரை உருட்டினார்கள், பால் டின்னில் துளை போட்டுக் கயிறு கோத்து இழுத்தார்கள். தோட்டத்து ஆசாரி மனம் வைத்தால் ஒரு நடைவண்டி கிடைக்கும். அந்த ஆசாரிக்கோ லயத்து வீட்டுக் கதவும் கூரையும் சரி செய்யவே பொழுது போதாது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் மரம். கையில் வேலை தெரிந்தவர்களும் உண்டு. அப்படியிருக்க, அந்தப் பால் மரத்திலேயே பிள்ளைகளுக்குப் பொம்மை செய்திருக்கக் கூடாதா? செய்யவில்லை. அதற்கு நம் ஆட்களின் சோம்பல் காரணமல்ல. மரத்தின் குணமே காரணம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் ரம்பத்தைப் பார்த்துவிடுவோம்.

மரப் பொம்மை செய்ய இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று கடைசல். மரத்தைச் சுழலவிட்டு உளியை வைத்தால் உருண்டையான உருவம் கிடைக்கும். பம்பரம், கிலுகிலுப்பை, செப்புச் சாமான் எல்லாம் அப்படிச் செய்வன. பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில் இருக்கிற சன்னபட்டணம் இதற்குப் பேர் போன ஊர். திப்பு சுல்தான் காலத்தில் அந்தத் தொழில் வளர்ந்தது என்பார்கள். அரக்கைச் சூடேற்றி நிறம் பூசுவது அவர்களின் தனி வித்தை. அவர்கள் பயன்படுத்தும் மரம் வெப்பாலை. அதுவும் கிள்ளினால் பால் வடியும் மரம்தான், அதன் கட்டையும் வெளுப்பாகவே இருக்கும். பால் மரத்துக்கும் பிள்ளை விளையாட்டுக்கும் அங்கேயும் ஒரு சொந்தம் இருக்கிறது பாருங்கள்.

மற்றொரு வழி பலகையில் உருவத்தை வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே அறுத்து எடுப்பது. யானையின் தும்பிக்கை, மீனின் வால், மயிலின் கழுத்து எல்லாம் வளைவு. சாதாரண ரம்பம் நேராகத்தான் போகும். வளைந்து போக வேண்டுமானால் அதன் அலகு நூல்போல ஒல்லியாக இருக்க வேண்டும். ஆனால் ஒல்லியான அலகு தானாக நிற்காதே! ஆகவே வில் மாதிரி ஒரு சட்டம் செய்து, அதன் இரண்டு முனைக்கும் நடுவில் அலகை நாண்போல இழுத்துக் கட்டினார்கள். அந்தக் கை ரம்பத்தை ஆங்கிலத்தில் பிரெட் சா என்பார்கள். அதே வேலையை இயந்திரத்தில் செய்வது ஸ்குரோல் சா.

இந்த ரம்பம் பொம்மைக்காகப் பிறந்ததல்ல. ஐரோப்பாவில் அரண்மனை மேசை நாற்காலிகளுக்குப் பூவேலை செய்தவர்கள் பயன்படுத்தியது. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் வாழ்ந்த ஆந்திரே சார்ல் பூல் என்பவர் ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் மிக நுட்பமாக அறுத்து, மரத்தில் பதித்துப் புகழ் பெற்றார். அவர் 1732-இல் இறந்தார். அரசருக்கும் பிரபுக்களுக்கும் ஆன வேலை அது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதில் பங்கில்லை.

பிள்ளைகளின் பக்கம் இந்த வேலை திரும்பியது 1760-களில். லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்காளர் இருந்தார். உலக வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் மேலேயே அறுத்து, துண்டு துண்டாகப் பிரித்து விற்றார். பிள்ளைகள் அவற்றைச் சேர்த்து வைத்துப் பூகோளம் படித்தார்கள். இன்றைக்கு நாம் ஜிக்சா என்று சொல்கிற விளையாட்டின் ஆரம்பம் அது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளும் இத்தகைய பலகைகளை வைத்தே படித்தார்கள்.

மூன்றாம் ஜார்ஜ் யார்? நம் பினாங்கின் ஜார்ஜ் டவுன் அவர் பெயரால் அமைந்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டாரே, அந்த இளவரசர் அவருடைய மூத்த மகன். ஆக, பலகைத் துண்டுகளைச் சேர்த்து உலகத்தைக் கற்ற ஒரு பையனின் பெயரைத்தான் இந்தத் தீவு பல ஆண்டுகள் சுமந்தது! அந்த இளவரசரும் தம்பிமாரும் பிள்ளைப் பருவத்தில் லண்டனை அடுத்த கியூ என்ற இடத்தில் தங்கிப் படித்தார்கள். கியூ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அது வரப் போகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரம்பத்துக்குக் காலால் மிதிக்கும் பலகை வந்து சேர்ந்தது. தையல் மிஷினை மனத்தில் வைத்துக்கொண்டால் உடனே விளங்கிவிடும். கீழே காலால் மிதிக்கிறோம், சக்கரம் சுழல்கிறது, மேலே ஊசி ஏறி இறங்குகிறது. ஊசிக்குப் பதிலாக அலகு, துணிக்குப் பதிலாகப் பலகை, அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த மிதிப் பொறிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. இங்கிலாந்தில் 1895-இல் ஹாபீஸ் என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. அதில் அறுப்பதற்கான படங்கள் வரும். பள்ளிப் பையனும் ஆலைத் தொழிலாளியும் மாலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து பொம்மையும் புகைப்படச் சட்டமும் அறுத்தார்கள். தேயிலை வந்த மெல்லிய பெட்டிப் பலகைகூட வீணாகவில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் தமிழ்க் கூலிமார் கிள்ளிய தேயிலையைச் சுமந்த பெட்டி, எங்கோ ஒரு பையனுக்குப் பொம்மையானது. பிறகு மின்சார மோட்டார் வந்தது, காலுக்கு ஓய்வு கிடைத்தது. வேலையின் அடிப்படை மட்டும் மாறவில்லை.

இப்போது கியூவுக்கு வருவோம். இளவரசர்கள் படித்த அந்த இடம் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற தாவரத் தோட்டமாக வளர்ந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றிக் கியூவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். அதற்குமேல் நடந்த கதை உங்கள் குடும்பக் கதை. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1980-ஐ ஒட்டி இந்த நாட்டில் ஏறக்குறைய 20 இலட்சம் ஹெக்டர் நிலத்தில் ரப்பர் நின்றது.

இவ்வளவு மரமும் பாலுக்காகவே நடப்பட்டது. கட்டையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆனதும் பால் குறையும். மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் லயத்து அடுப்புக்குப் போகும். ரப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைவீட்டுக்குப் போகும். மிச்சம் காட்டிலேயே கிடந்து எரியும்.

ஏன் அப்படி? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு முக்காலி இருந்தது. தாத்தா ரப்பர் கட்டையில் செய்தது. புதிதாக இருந்தபோது சந்தனம்போல வெளுப்பாய் அழகாயிருந்தது. சில மாதத்தில் நீலமும் கறுப்புமாகக் கறை படர்ந்தது. பிறகு காலடியில் மாவு கொட்டத் தொடங்கியது. பாட்டி தினமும் கூட்டித் தள்ளுவார். மறுநாள் மறுபடி மாவு. ஒரு நாள் பக்கத்து வீட்டு மாமா வந்து உட்கார்ந்தார், முக்காலி மூன்றாக முறிந்தது. தாத்தாவின் தொழிலைப் பலரும் கேலி செய்தார்கள். அவர் மேல் குற்றமில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ரப்பர் மரம் தன் உணவைச் சர்க்கரையாகவும் மாவுச்சத்தாகவும் கட்டைக்குள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. மரம் நிற்கும்வரை அதற்கு உயிர் உண்டு, காவல் உண்டு. வெட்டிப் போட்டதும் அது திறந்து கிடக்கும் பலகாரத் தட்டுப் போல ஆகிவிடும். முதலில் பூஞ்சணம் வந்து நீலக் கறை ஏற்றும். அடுத்து, மாவு வண்டு என்று சொல்லத்தக்க மிகச் சிறிய துளைப்பான் வண்டு வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் உள்ளே மாவைத் தின்று வழி போட்டுக்கொண்டே போகும். வெளியே பலகை முழுசாயிருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது. தேக்கிலும் செங்காலியிலும் வண்டை விரட்டும் சத்துக்கள் இயற்கையாகவே உண்டு. ரப்பர்க் கட்டையில் அவை இல்லை. போதாக்குறைக்கு, அறுக்கும்போது கட்டையில் தங்கியிருக்கும் பால் ரம்பத்தின் பல்லில் ஒட்டிக்கொண்டு அதை மழுக்கிவிடும்.

இதற்கு வழி கண்டது ஒரு நாளில் நடந்த காரியமல்ல. கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் 1929-இல் அமைந்த வன ஆராய்ச்சிக் கழகத்தாரும் மற்ற நிபுணர்களும் பல ஆண்டுகள் இதில் உழைத்தார்கள். கண்ட முறை கேட்பதற்கு எளிதாகவே இருக்கும். மரத்தை வெட்டிய சில நாள்களுக்குள் அறுத்துவிட வேண்டும். காட்டில் போட்டு வைக்கக் கூடாது. அறுத்த பலகையை இரும்புக் கலத்துக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த தண்ணீரை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். அது கட்டையின் உள்வரை இறங்கும். வண்டு தின்றால் பிழைக்காது. அதன்பின் உலர்த்தும் அறையில் வெப்பக் காற்றில் காயவைப்பார்கள். காய்ந்த கட்டை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடை இருக்கும். ரொம்பக் கனமும் இல்லை, ரொம்ப இலேசும் இல்லை. வரி ஒரே சீராயிருக்கும், சிம்பு அதிகம் எழாது, வாசனை கிடையாது, நிறம் நன்றாகப் பிடிக்கும்.

இதில் இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். காட்டு மரம் குறைந்து விலை ஏறிய பிறகுதான் தோட்டத்து மரத்தின் மேல் பலருக்கும் கண் விழுந்தது. 1980-களில் ரப்பர்க் கட்டையில் மேசை நாற்காலி செய்யும் ஆலைகள் பெருகின. ஜொகூரில் மூவார் நகரம் இதற்குப் பெரிய இடமாயிற்று. மலேசியா வெளிநாட்டுக்கு அனுப்பும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி இன்று ரப்பர்க் கட்டையே. விறகாக எரித்துக்கொண்டிருந்த பொருளின் பெயரே மாறி, வெளிநாட்டு வியாபாரிகள் மலேசிய ஓக் என்று விளம்பரம் செய்தார்கள். ஓக் மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை என்பது வேறு விஷயம்.

பொம்மைக்கு இந்த மரத்தை எடுத்து உலகப் பெயர் வாங்கியவர்கள், நம் எல்லைக்கு வடக்கே தாய்லாந்தின் திராங் மாநிலத்தில் இருக்கிறார்கள். திராங்குக்கு ரப்பர் வந்ததிலும் பினாங்குச் சம்பந்தம் இருக்கிறது. கோ சூ சியாங் என்ற சீனர் பினாங்குக்கு வந்து, பின்பு ரானோங்குக்குப் போய் அங்கே ஆளுநராகவே உயர்ந்தார். அவருடைய மகன் கோ சிம் பீ திராங்கின் ஆளுநரானார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் மலாயாப் பக்கமிருந்து ரப்பர்க் கன்றுகளைத் திராங்குக்குக் கொண்டுபோனவர் அவர்தான். தாய்லாந்தின் ரப்பர்த் தொழிலுக்குத் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

அந்தத் திராங்கில் 1981-இல் பிளான் டாய்ஸ் என்ற நிறுவனம் தோன்றியது. பால் வற்றிய மரத்தை வாங்கி, உலர்த்தி, பிள்ளைகளின் பொம்மையாக்கி உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள். நம் தோட்டங்களில் நின்ற அதே சாதி மரம். அதே இருபத்தைந்து வயது. நம் பக்கத்து மரம் 1967-க்குப் பிறகு உலையில் இரும்பு உருக்கிய நாள்களுக்கும், பக்கத்து நாட்டு மரம் பொம்மையான நாள்களுக்கும் நடுவில் பதினான்கே ஆண்டுகள். எனக்கு அதை நினைத்தால் கொஞ்சம் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. மரத்தை அதிகம் அறிந்தவர்கள் நம்மவர்கள். எந்த மரம் எவ்வளவு பால் தரும், எந்தப் பக்கம் பட்டை தடிப்பு என்று கையால் தடவியே சொல்லக்கூடியவர்கள். அந்த அறிவை யாரும் பலகைப் பக்கம் திருப்பிக் கொடுக்கவில்லை. மரம் வெட்டுகிற நாளில் வேலைக்கு வந்தது குத்தகைக்காரரின் ஆட்கள். லாரியில் ஏறியது கட்டை. நம்மவர்களுக்குக் கிடைத்தது அடுப்புக்கு நாலு கிளை.

சரி, நேயர்களே, இனி நாமே ஒன்று செய்து பார்க்கலாமா? காட்டில் வெட்டிய பச்சைக் கட்டையை எடுக்காதீர்கள். தாத்தாவின் முக்காலிக் கதைதான் நடக்கும். தளவாட ஆலைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் உலர்ந்த ரப்பர்ப் பலகையின் வெட்டுத் துண்டுகள் மிஞ்சும். கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். கை ரம்பத்தால் அறுப்பதானால் கால் அங்குலத் தடிப்பே போதும். ஒட்டுப்பலகை என்கிற பிளைவூட்டும் ஆகும்.

யானையை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் வரைந்து பலகையில் ஒட்டுங்கள். ஒட்டுமுன் மரத்தின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். யானையின் கால்கள் நிற்கும் திசையிலேயே வரியும் ஓட வேண்டும். வரி குறுக்கே ஓடினால், பிள்ளை ஒரு தரம் கீழே போட்டதும் கால் பிஸ்கோத்துப் போல உடைந்துவிடும். தும்பிக்கையை வெளியே நீட்டாமல், சுருட்டி முன்காலோடு சேர்த்து வரைந்தால் அதுவும் பிழைக்கும்.

மேசை விளிம்பில் ஒரு சிறு பலகையைத் திருகி வைத்து, அதன் நுனியில் ஆங்கில வி எழுத்துப் போல ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளுங்கள். யானைப் பலகையை அதன்மேல் வைத்து, ரம்பத்தை அந்த வெட்டுக்குள் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். அலகின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்படியிருந்தால் கீழே இழுக்கும்போது அறுக்கும்; பலகையும் மேசையில் அழுந்தி நிற்கும். தலைகீழாக மாட்டினால் பலகை துள்ளும். அலகு நன்றாக முறுக்கேறியிருக்கட்டும். விரலால் தெறித்தால் வீணைத் தந்திபோல ஒலிக்க வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் ரம்பத்தைத் திருப்புவார்கள். அது கூடாது. ரம்பம் ஒரே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பலகையைத்தான் திருப்ப வேண்டும். மூலை வந்தால் முன்னே தள்ளாமல் அதே இடத்தில் மேலும் கீழும் இழுத்துக்கொண்டே மெல்லப் பலகையைத் திருப்புங்கள். அலகு தானே இடம் செய்துகொள்ளும். கால்களுக்கு நடுவே ஓட்டை வேண்டுமானால் முதலில் ஒரு துளை போட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். மின்சார ஸ்குரோல் சாவிலும் இதே வழிதான். அவசரப்பட்டால் அலகு முறியும். முறிந்தால் பதற வேண்டாம், பழகியவர்களுக்கும் முறிவதுதான். அதனால்தான் அலகுகளைக் கட்டுக் கட்டாய் விற்கிறார்கள்.

சக்கரத்துக்குப் பழைய துடைப்பத்தின் உருண்டைக் கைப்பிடியை வில்லை வில்லையாக நறுக்கலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சின்னச் சக்கரம் ஆபத்து. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழலை வைத்திருக்கிறார்கள். பொம்மையின் எந்தத் துண்டாவது அதற்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அது பிள்ளையின் தொண்டைக்குள்ளும் அடங்கும் என்று பொருள். கைப்பிடி வில்லை அதற்குள் போய்விடும். ஆகவே கைக்குழந்தைக்குச் சக்கரமில்லாத யானையே போதும். அதையும் உள்ளங்கையளவுக்குப் பெரிதாக அறுங்கள்.

உப்புத்தாள் போடும்போது மரத்தின் வரி ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள். விளிம்பெல்லாம் உருண்டு வர வேண்டும். பிள்ளை எதையும் வாயில் வைக்கும் என்பது தாய்மாருக்குத் தெரியும். பழைய வீட்டுச் சாய டின் மிச்சமிருக்கிறதே என்று அதைப் பூசிவிடாதீர்கள். பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிள்ளைகளின் பொம்மைக்கென்று குறிப்பிட்டு விற்கும் சாயமும் பூச்சும் உண்டு, அதை வாங்குங்கள். ஆலையிலிருந்து வாங்கிய துண்டில் மருந்து ஏறியிருக்கும் என்பதால், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு அதைவிட மருந்தேற்றாத வேறு மரம் மேல். அறுக்கும்போது பறக்கும் தூள் மூச்சில் போகாமல் துணியால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பலகை வாங்கப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரத்தின் அடிப்பாகத்தில், அதாவது நாம் பால் வெட்டிய உயரத்தில், அறுத்த பலகை சில சமயம் கிடைக்கும். வெட்டுக் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம் என்பார்கள் அல்லவா? அதற்காகக் கங்காணியிடம் பேச்சு வாங்காத பால்வெட்டுக்காரர் இல்லை. கிராணி கணக்கில் எழுதிக்கொள்வதும் உண்டு. அந்தக் காயத்தை மரம் மூடிக்கொண்டு மேலும் வளரும். உள்ளே வரி நெளிந்து, கறுப்பாய் ஒரு தழும்பு தங்கிவிடும். ஆலைக்காரர் அத்தகைய துண்டைக் கழித்துத் தள்ளிவிடுவார். விலையும் கேட்க மாட்டார். என் பேத்திக்கு அறுத்த யானைக்கு அப்படிப்பட்ட துண்டுதான் கிடைத்தது. தழும்பு சரியாக யானையின் காதுக்குக் கீழே வந்தது. அதற்குச் சாயம் பூசாமல் விட்டிருக்கிறேன்.